வீசி எறியும் சோனார்: ஏரியில் கண், ஆற்றில் சுமை

இரண்டு வருடமாக என் தூண்டில் பையில் டென்னிஸ் பந்து அளவில் ஒரு கருவி இருக்கிறது. தூண்டில் நரம்பில் கட்டித் தண்ணீரில் வீசினால் மிதந்துகொண்டே, கீழே எவ்வளவு ஆழம், தரை சேறா பாறையா, நடுவில் ஏதாவது நிற்கிறதா என்று போன் திரையில் படமாகக் காட்டும். ஒலியை அனுப்பித் தண்ணீருக்கடியைப் பார்க்கும் சோனார் இது, ஃபிஷ் ஃபைண்டர் என்பார்கள். அதில் இரண்டு வகை உண்டு, ஒன்று படகில் பொருத்துவது, இன்னொன்று இப்படிக் கரையிலிருந்து வீசுவது. நான் படகில்லாமல் கரையில் நின்றே பிடிப்பவன், அதனால் இரண்டாவதுதான் எனக்கு. கம்பெனி பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் நல்லதும் கெட்டதும் மிதவை சோனார் எல்லாவற்றுக்கும் பொருந்துபவை, மாடல் மாறினால் பேட்டரியும் ஆப்பும் கொஞ்சம் மாறும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏரி, அணையின் நீர்த்தேக்கம் என்று நின்ற தண்ணீரில் அதிகம் பிடிப்பவராக இருந்தால் ஐந்துக்கு நாலரை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆறுதான் உங்கள் இடம் என்றால் ஐந்துக்கு ஒன்றரை, அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கருவிக்கு ஏன் இப்படி இரண்டு மதிப்பெண் என்று சொல்ல, எனக்குப் பிடித்த இடங்களைச் சொல்லியே ஆக வேண்டும். ஏரி பெயர், ஆற்றின் பெயர் எதுவும் வராது, இடத்தின் வகை தெரிந்துவிட்டால் உங்கள் பக்கத்துத் தண்ணீரிலேயே அதைக் கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. மிதவையின் அடியிலிருந்து ஒலித்துடிப்பு கீழே போய்த் தரையில் பட்டுத் திரும்பி வருகிறது, போய்வந்த நேரத்தை வைத்து ஆழம் கணக்காகிறது. நன்னீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,480 மீட்டர் போகும், ஐந்து மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. யோசனை பழையதுதான். ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் 1948இல் மீன் தேடும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள், அமெரிக்காவில் லோரன்ஸ் குடும்பம் 1950களின் கடைசியில் அதைச் சின்னப் பச்சைப் பெட்டியாக்கிப் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்கள் கையில் கொடுத்தது. இப்போது அந்தப் பெட்டி பந்தாகி, திரை போனுக்குள் போய்விட்டது.

வாங்கியதும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒலிக்கற்றையின் அகலம். டார்ச் வெளிச்சம் போலக் கீழே போகப் போக அது விரியும். என்னிடம் உள்ளதில் குறுகல் 15 பாகை, அகலம் 55 பாகை. மூன்று மீட்டர் ஆழத்தில் குறுகல் கற்றை பார்ப்பது சுமார் 80 சென்டிமீட்டர் தரையை, அகலக் கற்றை பார்ப்பது மூன்று மீட்டருக்கும் கொஞ்சம் மேல். அகலமாக வைத்தால் நிறையத் தெரியுமே என்று முதல் மாதம் முழுக்க அதிலேயே வைத்திருந்தேன், தப்பு. சரிவான தரையில் அகலக் கற்றையின் மேட்டுப்பக்க ஓரம் முதலில் தரையைத் தொட்டுவிடும், கருவி அதையே ஆழம் என்று எடுத்துக்கொள்ளும், அதற்குக் கீழே தரையை ஒட்டி நிற்கிற மீன் திரையில் தரையோடு தரையாக மறைந்துபோகும். நல்ல மீன் நிற்பதே பெரும்பாலும் சரிவில்தான், அதனால் இது சின்ன விஷயம் இல்லை. இப்போது தேடும்போது மட்டும் அகலம், இடம் பிடிபட்டதும் குறுகல்.

அடுத்தது மீன் படம். ஆப்பைத் திறந்தால் அழகாக மீன் உருவமும் பக்கத்தில் ஆழமும் காட்டும். அதை அமைப்பில் போய் அணைத்துவிடுங்கள். பாசிக் கொத்து, மூழ்கிய கிளை, சேற்றிலிருந்து கிளம்பும் வாயுக்குமிழி எல்லாவற்றுக்கும் அது மீன் போடும். மீனிடமிருந்து திரும்பி வரும் எதிரொலியில் பெரும்பங்கு அதன் உடம்பிலிருந்து வருவதில்லை, உள்ளே இருக்கும் காற்றுப்பையிலிருந்து வருகிறது, காற்றும் தண்ணீரும் சந்திக்கிற இடம் எதுவானாலும் ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும். அப்படியிருக்க குமிழியையும் மீனையும் அது எப்படிப் பிரிக்கும்? படத்தை அணைத்தால் வெறும் கோடும் வில்லும் புள்ளியுமாகத் தெரியும், பழகக் கொஞ்ச நாளாகும், ஆனால் அதுதான் உண்மையான படம். மிதவை நகரும்போது அடியில் மீன் வந்துபோனால் வில்போல் வளைந்து தெரியும். மிதவையும் மீனும் அசையாமல் இருந்தால் அதே மீன் நீளக் கோடாகப் போய்க்கொண்டே இருக்கும், பாம்பு போல இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், ஒரே மீன் அங்கேயே நிற்கிறது என்று அர்த்தம்.

ஆனால் இரண்டு வருடத்தில் இந்தக் கருவி எனக்குக் கொடுத்த பெரிய உதவி மீனைக் காட்டியது இல்லை. தரையைக் காட்டியதுதான். கெட்டித் தரை என்றால் கோடு தடிமனாக, பளிச்சென்று வரும், சில சமயம் இரண்டு மடங்கு ஆழத்தில் இரண்டாவது கோடும் வரும், ஏனென்றால் ஒலி தரையில் பட்டு மேலே வந்து, தண்ணீர்ப்பரப்பில் மோதி, மறுபடி கீழே போய்த் திரும்புகிறது. சேறு என்றால் ஒலியை விழுங்கிவிடும், கோடு மங்கலாகப் பிசுபிசுவென்று இருக்கும். சேறு முடிந்து சரளைக்கல் தொடங்கும் எல்லை, சரளை முடிந்து பாறை தொடங்கும் எல்லை, இந்த மாதிரி ஓரங்களைத்தான் நான் இப்போது தேடுகிறேன்.

ஏரியில் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்த இடம் இறக்கம். கரையிலிருந்து ஒன்றரை மீட்டர் ஆழத்தில் மெல்ல மெல்லப் போகும் தரை, திடீரென்று நான்கு மீட்டருக்குச் சரியும் அந்த விளிம்பு. மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே நிறம். மீனுக்கு அது வீட்டு வாசல் மாதிரி. சாப்பாடு எல்லாம் மேலே ஆழம் குறைந்த பக்கம், பாசியும் புழுவும் பொடிமீனும் அங்கேதான், ஆபத்து என்றால் ஒரே துடுப்பசைவில் ஆழத்துக்குப் போய்விடலாம். அமெரிக்காவில் பக் பெர்ரி என்பவர் 1940களில் ஸ்பூன்பிளக் என்ற உலோக லூரை, அதாவது செயற்கை இரையை, செய்து, அதை வெவ்வேறு ஆழத்தில் இழுத்துப் பார்த்தே ஏரித் தரையைப் படித்தவர். மீனின் வீடு ஆழம்தான், அது இரைக்காக மேலே ஏறி வரும்போது தரையின் மேடுபள்ளத்தைப் பிடித்துக்கொண்டே வரும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. சோனார் இல்லாமல் அவர் கண்டுபிடித்ததை நாம் திரையில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுகிறோம்.

எங்கள் குழு வழக்கமாகப் போகும் ஒரு ஏரியில், எல்லோரும் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வீசிக்கொண்டிருந்தோம். தூரம் போனால் பெரிய மீன் என்ற நம்பிக்கை. மிதவையை முதல் தடவை அங்கே வீசி மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தபோதுதான் தெரிந்தது, நாங்கள் வீசிய இடம் முழுக்க மேசை போல் தட்டையான சேறு. இறக்கம் இருந்தது கரையிலிருந்து வெறும் பதினெட்டு மீட்டரில், எங்கள் இரை இத்தனை வருடம் அதன் தலைக்கு மேலேதான் பறந்து போயிருக்கிறது. அன்று சாயங்காலம் அந்த விளிம்பில் வைத்த முதல் முள்ளிலேயே கெண்டை. அதற்குப் பிறகு அந்த ஏரியில் முப்பது மீட்டருக்கு மேல் நான் வீசியதே இல்லை.

நீர்த்தேக்கங்களில் இதைவிட நல்ல இடம் ஒன்று உண்டு, மூழ்கிப்போன பழைய ஆற்றுப்படுகை. அணை கட்டுவதற்கு முன்னால் ஓடிய ஆறு அடியில் அப்படியே வாய்க்காலாகக் கிடக்கும், தண்ணீர் ஏறும்போதும் இறங்கும்போதும் மீன் அந்த வழியையே சாலை மாதிரிப் பயன்படுத்தும். அந்தப் படுகை வளைந்து கரைக்கு நெருங்கி வரும் ஒரு புள்ளி பல நீர்த்தேக்கங்களில் இருக்கும், கரையில் நின்று பிடிப்பவருக்கு அதுதான் தேவை. ஜிபிஎஸ் உள்ள மிதவை என்றால் விசிறி போல் பத்துப் பதினைந்து தடவை வீசி இழுத்தால் ஆப்பே ஆழ வரைபடம் போட்டுக்கொடுத்துவிடும். இதற்காக ஒரு முழுக் காலையை ஒதுக்கினேன், அன்று ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை, ஆனால் அந்த வரைபடம் இரண்டு வருடமாகப் பலன் கொடுக்கிறது. தண்ணீர் வற்றியிருக்கும் காலத்தில் போய்த் தரையை நேரிலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, அதற்குக் கருவியே வேண்டாம்.

ஏரிக்குள் ஓடை வந்து விழும் வாய் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, மழைக்குப் பிறகு புழுவும் பூச்சியும் புதுத்தண்ணீரும் அங்கேதான் வரும், எல்லோருக்கும் தெரியும். கருவி காட்டுவது என்னவென்றால், ஓடை கொண்டுவந்து கொட்டிய மணல் விசிறி எங்கே முடிந்து ஆழம் தொடங்குகிறது என்பதை. பெரிய மீன் வாயிலேயே நிற்காது, அந்த மணல் முடிகிற உதட்டில் நிற்கும்.

பாசி ஓரமும் தாமரை, அல்லி படர்ந்த இடமும் எனக்கு உயிர், ஆனால் அங்கே இந்தக் கருவிக்கு வேலை இல்லை. கொடியில் மிதவை சிக்கும், திரையில் தண்டெல்லாம் கோடாக நிரம்பிவிடும். தவிர, அரை மீட்டருக்குக் குறைவான ஆழத்தில் அதற்கு எதுவும் தெரியாது, அனுப்பிய ஒலியின் அதிர்வு அடங்குவதற்குள் எதிரொலி வந்துவிடும். விரால் இருப்பதோ அந்த ஆழத்தில்தான். விரால் மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும் மீன், இலைகளுக்கு நடுவே திறந்திருக்கும் இடைவெளியில் கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு சின்ன முகர்தல் சத்தமும் வளையமும் கண்ணில் படும், அந்த வளையத்தைத் தாண்டி ஃப்ராக் என்ற தவளை வடிவ லூரைப் போட்டு இழுத்து வர வேண்டியதுதான். செம்மஞ்சளாகக் குஞ்சுக் கூட்டம் மேலே கொதிப்பது தெரிந்தால் மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும், எதைப் போட்டாலும் கோபத்தில் பாய்ந்து வந்து கடிக்கும், பிடிப்பது ரொம்பச் சுலபம், ஆனால் காவல் போனதும் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனுக்காக அடுத்த வருட விராலை எல்லாம் அழிக்கக் கூடாது.

பாசி பற்றி இன்னொரு விஷயம், அடர்ந்த பாசி விடியற்காலையில் நல்ல இடம் என்று நினைத்து நான் ரொம்ப நாள் ஏமாந்திருக்கிறேன். பகலில் செடி ஆக்சிஜன் தரும், இரவு முழுக்க அதுவும் மூச்சுவிட்டு எடுத்துக்கொள்ளும், அதனால் மூடிக்கிடக்கும் குட்டையில் விடியும் நேரம்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு. கெண்டை அப்போது பாசியை விட்டு வெளியே, திறந்த பக்கம் நிற்கும். வெயில் ஏறி ஒன்பது பத்து மணிக்கு மேல் பாசி ஓரம் உயிர் பெறும்.

காற்றடிக்கும் கரையை நான் கற்றுக்கொண்டது இந்த மிதவையால்தான், ஆனால் திரையைப் பார்த்து இல்லை. வாங்கிய மூன்றாவது வாரம், மெல்லிய நைலான் நரம்பில் கட்டி முழு வேகத்தில் வீசினேன். கருவியின் எடை சுமார் 100 கிராம், அந்த நரம்புக்கு அது தாங்காது என்று அப்போது யோசிக்கவில்லை. பட்டென்று அறுந்து மிதவை நடு ஏரியில் போய் விழுந்தது. மனசே விட்டுப்போயிற்று. பக்கத்தில் தக்கை போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்துகூடப் பார்க்காமல், "தம்பி, நீந்திப் போயிடாதீங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருங்க, அந்தக் கரையில போய் உக்காருங்க, அதுவா வரும்" என்றார். "எவ்வளவு நேரம் ஆகும் ஐயா?" என்றேன். "வர்ற வரைக்கும் அங்கேயே தூண்டிலப் போடுங்க, எதிர்ல இருக்குற மீனெல்லாம் அங்கதான் வந்திருக்கும்."

போய் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து மிதவை நுரையோடும் சருகோடும் ஒதுங்கியது, அதற்குள் என் பையில் நான்கு மீன். காரணம் பிறகு புரிந்தது. காற்று மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறது, மிதக்கும் நுண்ணுயிரும் பூச்சியும் அதோடு போகின்றன, அவற்றைத் தின்னும் பொடிமீன் பின்னால் போகிறது, பெரிய மீன் அதற்குப் பின்னால். அலை மோதுவதால் கரையோரம் கலங்கி மீனுக்குத் தைரியமும் வருகிறது. நமக்கு முகத்தில் காற்று அடிக்கும், வீசுவது கஷ்டம், அதனால் எல்லோரும் எதிர்க்கரையில் வசதியாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரே திசையில் இரண்டு மூன்று நாளாக அடிக்கிற காற்று என்றால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகு மிதவைக்கென்றே தனி ராடு (தூண்டில் கோல்), பின்னல் நரம்பு, முன்னால் தடித்த தலைநரம்பு. இதை யாரும் பெட்டியில் பெரிதாக எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன்: லேசான ராடு மட்டும் வைத்திருப்பவர் இந்தக் கருவியோடு இன்னொரு ராடுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும்.

கோடையில் ஆழமான ஏரிகளில் இந்தக் கருவி தன் முழு மதிப்பையும் காட்டும். தண்ணீர் 4 டிகிரி செல்சியசில்தான் மிகக் கனமாக இருக்கும், அதற்கு மேல் சூடாகச் சூடாக லேசாகிக்கொண்டே போகும், அதனால் வெயிலில் சூடான தண்ணீர் மேலேயே தங்கி, குளிர்ந்தது கீழே தங்கி, இரண்டும் கலக்காமல் அடுக்காகிவிடும். கீழ் அடுக்கில் மக்கும் பொருள் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், புது ஆக்சிஜனும் வராது. மேலே சூடு, சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு, 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் கரைய முடியும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். அப்புறம் மீன் எங்கே போகும்? இரண்டு அடுக்கும் சந்திக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே தொங்கிக்கொண்டு நிற்கும். உணர்திறனைக் கூட்டி வைத்தால் அந்தச் சந்திப்பு திரையில் குறுக்கே மங்கலான பட்டையாகத் தெரியும். ஒரு வெயில்காலம் முழுக்க ஒன்பது மீட்டர் ஆழத்தில் தரையில் இரை போட்டு ஒன்றும் கொத்தாமல் திரும்பியிருக்கிறேன், பட்டை ஐந்து மீட்டரில் இருந்தது, அதற்குக் கீழே நான் போட்டது எல்லாம் யாரும் இல்லாத இடத்தில். இரையை நான்கரை மீட்டரில் தக்கையில் தொங்கவிட்ட அன்றே நிலைமை மாறியது. இந்த ஒரு விஷயத்துக்காகவே நாலரை மதிப்பெண் கொடுக்கலாம்.

இனி ஆறு.

ஓடும் தண்ணீரில் மிதவையை வீசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விழுந்த உடனே நீரோட்டம் இழுத்துக் கரைக்குத் தள்ளிவிடும். நரம்பை இறுக்கிப் பிடித்தால் மிதவை சாயும், சாய்ந்தால் ஒலிக்கற்றையும் சாயும், காட்டும் ஆழம் பொய். நுரை, குமிழி இருக்கிற இடத்தில் காற்று ஒலியைச் சிதறடித்து, திரை முழுக்க மூடுபனி. தண்ணீர் மிதவையை ஒரு கணம் அமுக்கினால்கூட போனோடு தொடர்பு அறுந்துவிடும், வைஃபை அலை தண்ணீருக்குள் போகாது. எனக்குப் பிடித்த ஆற்று இடங்கள் எல்லாமே ஓட்டம் இருக்கிற இடங்கள்தான், ஒன்றில்கூட இது உருப்படியாக வேலை செய்யவில்லை.

ஆற்றைப் படிக்கத் திரை தேவையில்லை என்பதும் உண்மை. ஏரி மறைப்பதை ஆறு மேலேயே எழுதிக் காட்டிவிடுகிறது. தண்ணீர்ப்பரப்பில் ஆங்கில வி எழுத்து மாதிரி ஒரு வடிவம் தெரிந்தால், கூர்முனை கீழ்நோக்கி, அதாவது ஓட்டம் போகிற பக்கம் இருந்தால் அது இரண்டு தடைகளுக்கு நடுவில் ஆழமான வழி. கூர்முனை மேல்நோக்கி, ஓட்டம் வருகிற பக்கம் இருந்தால் அங்கே தண்ணீருக்கடியில் பாறை. அந்தப் பாறையின் பின்னால் ஓட்டம் அடங்கும், மீன் அதிகம் உழைக்காமல் அங்கே நின்றுகொண்டு பக்கத்தில் ஓடும் வேகத்தண்ணீரில் வரும் இரையைச் சட்டென்று எடுத்துக்கொள்ளும். பாறைக்கு முன்னாலும் தண்ணீர் மோதி மெத்தென்று ஒரு சின்ன இடம் உண்டு, அதை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள், என் பெரிய மீன்களில் சில அங்கே மாட்டியவை.

வேகமும் தேக்கமும் உரசிக்கொள்ளும் கோடு ஆற்றில் எனக்கு முதல் இடம். நுரை வரிசையாகப் போகிற பாதையைப் பாருங்கள், நுரையைக் கொண்டுபோகிற தண்ணீர்தான் பூச்சியையும் கொண்டுபோகிறது. ஆறு வளைகிற இடத்தில் வெளிவளைவில் அரித்து ஆழமாகும், உள்வளைவில் மணல் சேரும், அதனால் மணல் பக்கம் நின்றுகொண்டு எதிர்க்கரை அடிவயிற்றில் இரையை வைக்க வேண்டும். வேர் அரித்துத் தொங்கும் மரம் அங்கே இருந்தால் அதைவிட வேறு என்ன வேண்டும், நிழல், மறைவு, பழம் உதிர்கிற மரமாக இருந்தால் சாப்பாடும். அமேசானில் தம்பாக்கி என்ற மீன் வெள்ளத்தில் காட்டுக்குள்ளேயே போய் ரப்பர் மர விதைகளைக் கடித்துத் தின்கிறது, நம்ப முடியாத பல் அதற்கு. உங்கள் ஆற்றில் எந்த மரம் எப்போது உதிர்க்கிறது என்று குறித்து வையுங்கள்.

இரண்டு ஆறு கூடுமிடம் எனக்குப் பார்க்கவே பிடிக்கும். பிரேசிலில் மனாவுசுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஓடும் நெக்ரோ ஆறும் பழுப்பாக ஓடும் சோலிமோயிஸ் ஆறும் கலக்காமல் சுமார் 6 கிலோமீட்டர் பக்கம் பக்கமாக ஓடுகின்றன, வெப்பம், வேகம், அடர்த்தி எல்லாம் வேறு வேறு. சின்ன ஆறுகளிலும் மழைக்குப் பிறகு இதே மாதிரி தெளிவும் கலங்கலும் சந்திக்கும் கோடு சில மணி நேரமாவது நிற்கும். வேட்டையாடும் மீன் கலங்கல் பக்கம் மறைந்து நின்று தெளிந்த பக்கம் பாயும், லூரைக் கோட்டின் ஓரமாகவே இழுங்கள்.

தடுப்பணையின் கீழ்ப்பக்கம் பற்றி எனக்கு இரண்டு மனசு. மேலேறி வரும் மீன் அங்கே தடைபட்டு நிற்கும், விழும் தண்ணீர் காற்றைக் கலந்து ஆக்சிஜனை ஏற்றும், கோடையில் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் தண்ணீர் விழுந்து சுழன்று திரும்பி இழுக்கும் அந்த இடத்தில் விழுந்தவர் நீச்சல் தெரிந்தாலும் வெளியே வருவது கஷ்டம், மேலே மதகு திறந்தால் கீழே நிற்பவருக்கு நேரமே இருக்காது. நான் இப்போது அங்கே பாறைமேல் ஏறுவதில்லை, கீழே நூறு மீட்டர் தள்ளி, தண்ணீர் அமைதியாகிற முதல் மடுவில்தான் போடுகிறேன். மீன் கொஞ்சம் குறைவு, பரவாயில்லை. இடி மின்னல் கேட்டால் எந்த இடமாக இருந்தாலும் ராடை மடக்கிவிடுங்கள், கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும்.

சரி, ஆற்றுக்கு என்ன வாங்குவது என்றால், போலரைஸ்டு கண்ணாடி. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் பளபளப்பை அது வெட்டிவிடும், தண்ணீர்ப்பரப்புக்கு 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது நன்றாகவே வெட்டும், பாறையும் குழியும் மீனின் நிழலும் கண்ணெதிரே வந்துவிடும். கூடவே கொஞ்சம் குனிந்து நடக்கப் பழகினால் போதும். மீன் வெளியுலகத்தை மேலே ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறது, அந்தப் பார்வைக் கூம்பின் அகலம் சுமார் 97 பாகை, தாழ்வாக இருப்பது அதன் ஓரத்தில் நசுங்கித் தெரியும். காலைத் தொம்மென்று வைத்தால் அதிர்வை உடம்பின் பக்கவாட்டில் ஓடும் பக்கக்கோட்டு உணர்வால் மீன் தெரிந்துகொள்ளும், எவ்வளவு குனிந்தும் பயனில்லை.

ஆழம் மட்டும் தெரிந்தால் போதும் என்பவருக்கு ஏரியிலும் ஈயம் போதும். ஈயக்குண்டைக் கட்டி, தெரிந்த ஆழத்தில் விட்டு எத்தனை எண்ணுவதற்குள் தரையைத் தொடுகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால், அப்புறம் எங்கே வீசினாலும் எண்ணியே ஆழம் சொல்லிவிடலாம். மெதுவாக இழுக்கும்போது சரளை என்றால் ராடு நுனி தட்தட்டென்று துடிக்கும், சேறு என்றால் வழுக்கிக்கொண்டு வரும், பாசி என்றால் கனத்துப் பிறகு விடும். பின்னல் நரம்பில் இது இன்னும் தெளிவாகக் கைக்கு வரும், நைலான் இழுபட்டு நீள்வதால் அதிர்வைக் குடித்துவிடும். நேரம் அதிகம் ஆகும், வரைபடமும் கிடைக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் முதலில் ஒரு மாதம் ஈயத்தால் தரையைத் தடவிப் பாருங்கள், அதில் ஆர்வம் வந்தால் சோனார் உங்களுக்கு ஏற்றது. அதில் பொறுமை இல்லாதவர் திரையிலும் மீன் படத்தைத்தான் தேடிக்கொண்டிருப்பார், அது வீண் செலவு.

குறைகள் இன்னும் சில. பேட்டரி முழுதாக ஏற்றினால் எனக்கு ஐந்து மணி நேரம் வருகிறது, குளிரில் குறைகிறது. உண்மையில் முதலில் தீருவது போன் பேட்டரிதான், திரையை முழு வெளிச்சத்தில் வைத்தால்தான் வெயிலில் தெரியும். போலரைஸ்டு கண்ணாடி போட்டால் சில போன் திரைகள் ஒரு கோணத்தில் கறுப்பாகிவிடும், போனைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். தண்ணீர் பட்டால் தானாக எழுந்துவிடும் வகை என்பதால் ஈரத்தோடு பையில் போட்டால் உள்ளேயே ஓடிக்கொண்டிருந்து செத்துப்போகும், துடைத்துத்தான் போட வேண்டும், இதை இரண்டு தடவை அனுபவித்துவிட்டேன். பெரிய குறை, அது விழும் சத்தம். நூறு கிராம் பந்து தொப்பென்று விழுந்தால் மூன்று மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் இருக்கும் எல்லாம் ஓடிவிடும். பிடிக்கிற நேரத்தில் இதை வீசிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, தேடிய இடத்தைத் தாங்களே கலைக்கிறார்கள்.

நான் இப்போது செய்வது இதுதான். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், மிதவையால் இறக்கத்தின் விளிம்பைக் கண்டுபிடிக்கிறேன். எதிர்க்கரையில் நேர்கோட்டில் ஒரு மரமோ பாறையோ அடையாளம் வைத்துக்கொள்கிறேன். ராடிலிருந்து அந்த விளிம்பு வரை உள்ள தூரத்தைத் தரையில் இரண்டு குச்சி நட்டு நரம்பைச் சுற்றி அளந்து, நரம்பு சுற்றியிருக்கும் ரீல் ஸ்பூலில் உள்ள கிளிப்பில் நரம்பை மாட்டிவிடுகிறேன், இனி இருட்டில் வீசினாலும் அதே தூரத்தில் நின்றுவிடும். பெரிய மீன் மாட்டினால் ஓட இடம் வேண்டும், அதனால் இரை தரையைத் தொட்டதும் நரம்பைக் கிளிப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும், மறந்தால் அறுந்துபோகும். அப்புறம் மிதவையைத் துடைத்துப் பையில் போட்டு, போனை அணைத்து, ஒரு மணி நேரம் தண்ணீரில் எதையும் வீசாமல் உட்கார்ந்திருக்கிறேன். வெயில் சாய்ந்து எதிர்க்கரை மரத்தின் நிழல் தண்ணீரில் நீளும் நேரத்தில் முதல் இரையை அந்த விளிம்பில் வைக்கிறேன்.